டோன் அகாபிதோ மேடை ஏறினார்

பிலிப்பைன்ஸில் இலோய்லோ கடற்கரைத் தெருவில் தெக்லா ஊருக்கே மனாங், அதாவது அக்கா. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் இறந்த பிறகு இளநீர் ஐஸும் வெண்ணெய்ப்பழ ஐஸும் பாக்கெட்டில் கட்டி விற்றே மூன்று பெண்களைக் கரையேற்றியவள். அந்தப் புண்ணியத்தில் பாதி அவளுடைய இருபத்திரண்டு வயது ஃப்ரிட்ஜைச் சேரும். அந்தத் தெருவுக்கு வந்த முதல் ஃப்ரிட்ஜ் என்பதால் அதற்கு டோன் அகாபிதோ என்று பெரிய மனுஷப் பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் டோன் படுத்துவிட்டார். ஐஸ் உறைய இரண்டு நாள் பிடித்தது. "இன்னும் ஒரு மாசம் ஓடுனா பெருசு" என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார். ஐஸ் நின்றால் தெக்லாவின் பிழைப்பும் நின்றது.

அந்த நேரம் பார்த்துத் திருவிழாக் குலுக்கலில் முதல் பரிசு ஃப்ரிட்ஜ் என்று அறிவித்தார்கள். அந்த ஊரில் குலுக்கல் சீட்டில் சொந்தப் பேரை எழுதுகிறவன் ஏமாளி. பிறந்த குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, சண்டையில் ஜெயித்த சேவல் என்று ராசியான பேராகப் பார்த்துத்தான் எழுதுவார்கள். முப்பது வருஷமாக எந்தப் பேரை எழுதியும் ஒரு சோப்புக்கட்டிகூட விழாத தெக்லா, இந்தத் தடவை டோன் அகாபிதோ என்று எழுதிப் போட்டாள்.

விழுந்தது!

"டோன் அகாபிதோ!" என்று மேடையில் மைக்கைப் பிடித்துக் கூவினார் ஊர்த்தலைவர் கேப்டன் நார்சிசோ. "பேருக்கு உடையவங்க நேர்ல வரணும். போன வருஷம் ஒரு சேவலுக்கு மூணு பேரு சொந்தம் கொண்டாடிக்கிட்டு வந்து நின்னீங்க. இப்ப நடக்கப்போற டான்ஸ் ஆட்டம் முடியுறதுக்குள்ள வரலேன்னா வேற சீட்டு எடுப்பேன்."

"கேப்டன், அது என் ஃப்ரிட்ஜோட பேரு!" என்று கத்தினாள் தெக்லா.

"அப்ப அதையே வரச் சொல்லுங்க, மனாங்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தெக்லா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மிதிவண்டி ரிக்‌ஷாக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பிலோ, வண்டிய எடுடா!"

"மனாங், தெருக்காரங்க வெக்கச் சொல்லிக் குடுத்த சாமானெல்லாம் உள்ளதான இருக்கு? எடுத்து வெச்சிட்டு..."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. அப்படியே தூக்குங்கடா!"

ஆறு பேர் தூக்கினார்கள். டோன் ரிக்‌ஷாவில் நின்றபடியே, ஒயரைத் தெருவில் இழுத்துக்கொண்டு பவனி வந்தார். ஒரு பேண்டு வாத்தியக் குழு காரணம் கேட்காமலே பின்னால் சேர்ந்துகொண்டது. கண் சரியாகத் தெரியாத ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த தெக்லாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. பயமும் இருந்தது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

ஆட்டம் முடிகிற தறுவாயில் டோன் மேடை ஏறினார். கேப்டன் லேசில் விடவில்லை.

"இதுதான் அவருன்னு என்ன ருசு?"

"தொறந்து பாருங்க. தெருவுல எவ வீட்டு ஃப்ரிட்ஜுல இத்தன பேரு சாமான் இருக்கு?"

கேப்டன் கதவைத் திறந்து, பொட்டலங்களில் எழுதியிருந்த பேர்களை மைக்கில் படித்தார். "பிலோ, கருவாடு. நேனா, சுகர் ஊசி." மூன்றாவது பொட்டலத்தைத் தூக்கியவர் அதைச் சட்டென்று திரும்ப உள்ளே வைத்தார். அதில் இருந்தது அவருடைய பேர். உள்ளே இருந்தது பன்றிக்கொழுப்பு வறுவல். இருதய டாக்டர் தொடவே கூடாது என்று சொன்னது. டாக்டரைவிடக் கண்டிப்பான அவர் மனைவி விசிறியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது யாருதுங்க?" என்றாள் அவள்.

கேப்டன் இடுப்பாலேயே கதவை இடித்துச் சாத்தினார். "ஆள் நேர்ல வந்தாச்சு! பரிசு டோன் அகாபிதோவுக்கே!"

தெக்லா பழையதைக் கட்டிக்கொண்டாள், புதியதைக் கட்டிக்கொண்டாள், கேப்டனையும் கட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கேப்டன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"மனாங், புதுசுலயும் எனக்கொரு மூலை உண்டுல்ல?"