நுரை நிற்காத ஸ்டௌட்

நேற்று தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடையில் கோப்பித்தூள் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மார்ஜரின் கொழுப்பும் சீனியும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டை. அந்த மணம் உங்களுக்கு எப்படியோ, நான் எதிர்ப்பக்கம் மாறி நடந்துவிட்டேன். கோப்பிக்கு ஒருவன் பயப்படுவானா என்று சிரிக்காதீர்கள்.

அந்த மணம் வந்தால் கூடவே எங்கள் பொங்கோல் வீட்டுச் சமையலறையும் வந்துவிடும். அம்மாவின் சாம்பார்ப் பானையில் நானும் செல்வமும் ஸ்டௌட் என்னும் கறுப்பு பீர் காய்ச்சிய சனிக்கிழமைகள். செல்வம் தூத்துக்குடிக்காரன், என் வயதுதான். கப்பல் பட்டறையில் வேலை, பூன் லேயில் வாடகை அறை. தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருவான். கருக வறுத்த பார்லியைக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு மூடினால் வீடு முழுக்கப் புளித்த ரொட்டி வாசம். "இந்தப் பானையில இனிமே சாம்பார் வெச்சா நான் மனுஷி இல்ல" என்பார் அம்மா. மறுநாளே வைப்பார்.

அதில் எதையாவது கலந்து பார்ப்பதுதான் எனக்கு அலுக்காத விளையாட்டு. ஏலக்காய், சுக்கு, கேக்கில் மணத்துக்குப் போடும் பாண்டான் இலை, குலா மலாக்கா வெல்லம், ஒருமுறை வறுத்த தேங்காய்ப்பூகூட. என்னைப்போல் வேதியியல் படித்தவன் செய்கிற வேலையில்லைதான், அளக்காமல் அள்ளிப்போடுவேன். செல்வம் நேர்மாறு. ஒரு கிளாஸில் ஊற்றி, ஒரு சிட்டிகை போட்டு, உறிஞ்சிப் பார்த்து, அப்புறம்தான் மொத்தத்திலும். பாண்டான் கிளாஸைக் குடித்துவிட்டு, "ப்ரோ, கறுப்பு பீரை எதுக்குடா கேக் ஆக்குற?" என்றான்.

அவனுடைய வேலை ஒப்பந்தம் முடியப்போகிற நேரம் அது. கேலாங்கில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் சின்ன மதுக்கூடம் ஒன்றை நடத்திவந்த ஓர் அக்கா, "உங்க ஸ்டௌட்டைக் கொண்டாங்க. நல்லா இருந்தா தம்பிக்கு இங்க வேலை பெர்மிட்டுக்கு எழுதிப் பாக்குறேன் லா" என்று சொல்லியிருந்தார். செல்வம் இங்கே தங்க அது ஒன்றுதான் வழி. அவருக்குக் கொண்டுபோவதில் ஏலமும் சுக்கும் மட்டும் போதும் என்று முடிவு செய்தான்.

பாட்டிலில் அடைக்க வேண்டிய வாரம் அவனுக்கு ஓவர்டைம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன். மூடியைத் திறந்து முகர்ந்தபோது ஏதோ குறைவதாகத் தோன்றியது. கோப்பித்தூளைத் துணிப்பையில் கட்டி இரண்டு நாள் உள்ளே தொங்கவிட்டு, பிறகு அடைத்தேன். கிளாஸில் சோதிக்கவில்லை. அவனுக்குச் சொல்லவும் இல்லை. குடித்து அசந்துபோகட்டும் என்று ஆசை.

மதுக்கூடத்தில் அக்கா எங்கள் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். நான் முந்திக்கொண்டு, "எல்லாமே இவன் ரெசிப்பிதான்கா, நான் வெறும் எடுபிடி" என்றேன். நுரை எழுந்தது. இரண்டு விநாடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே எண்ணெய்ப் படலம் மட்டும் மினுங்கியது. கொழுப்புப் பட்டால் பீர் நுரை செத்துவிடும். மார்ஜரினில் வறுத்த கொட்டை என்ன செய்யும் என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னப்பா இது, ஆறிப்போன கோப்பி மாதிரி? ஸ்டௌட்டுன்னா நுரை நிக்க வேணாமா?" என்று அக்கா செல்வத்தைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் கிளாஸைப் பார்த்தேன்.

"என் தப்புதாங்க" என்றான் செல்வம்.

வெளியே வந்ததும், "உன்கிட்ட கேக்காம கோப்பித்தூள் போட்டுட்டேன்டா, சாரி" என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்னடா பண்றது? அங்க சொல்லியிருந்தா இன்னொரு தடவ கொண்டாங்கன்னு சொல்லியிருப்பாங்கல்ல."

அடுத்த மாதம் அவன் ஊருக்குப் போய்விட்டான். அதோடு அந்தச் சனிக்கிழமைகளும் நின்றன. அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடப் பலமுறை கிளம்பி, பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். ஒருநாள் துணிந்து போய்ச் சேர்ந்தபோது அங்கே நகத்துக்குச் சாயம் பூசும் கடை இருந்தது. பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். யாருக்கும் விவரம் தெரியவில்லை.

செல்வத்துக்கு ஸ்டௌட் காய்ச்சத் தெரியாது என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.