படத்தில் கிடைத்த வேலை

டாக்குரியா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கொட்டுகிற மழை; ஒரே குடைக்குள் அண்ணாவும் நானும், நனைந்து போன சர்டிபிகேட் பைகளோடு. எங்கள் படக்கதையின் முதல் படம் அதுதான். அண்ணா என்றால் பெரியம்மாவின் ஒரே பையன். கல்லூரி முடித்துவிட்டு இருவரும் வேலை தேடி அலைந்த காலத்தில், அந்த அலைச்சலையே இணையத்தில் வாராவாரம் போட ஆரம்பித்தோம். படம் அவனுடையது, வசனம் என்னுடையது. வங்காளத்திலேயே வளர்ந்த அண்ணாவுக்கு வங்காள மொழிதான் தண்ணீர்பட்ட பாடு. நான் எழுதிக் கொடுக்கும் தமிழ் எழுத்துகளை, கொடியில் தொங்கும் சட்டையை வரைவது போலப் பார்த்துப் பார்த்து வரைவான். ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தான்: அந்த வாரம் நடந்ததைத்தான் போட வேண்டும். "நடக்காததைப் போட்டா அது வேற யாரோட கதையோ" என்பான். அதனால் பெரியம்மாவின் திட்டு, தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர், இன்டர்வியூவில் அவனைக் காக்க வைத்தே திருப்பி அனுப்பியது எல்லாம் அப்படியே வந்தன. கரியாஹாட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கும் கடைக்கார மாமா, வருகிற தமிழர்களுக்கெல்லாம் போனில் காட்டுவார். எங்கள் வீட்டு விசேஷம் என்னவென்று ஊர் அதில்தான் தெரிந்துகொண்டது.

முதலில் எனக்கு வேலை கிடைத்தது. அண்ணாவுக்குக் கிடைக்கவில்லை; வாரங்கள் ஒன்றுபோல் ஒன்று போயின, வரைய அவனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வசனம் எழுத நேரமில்லாத ஒரு வாரம், வசனமே இல்லாமல் ஒரு படம் போட்டான். கழுத்தில் அடையாள அட்டையோடு அவன் லிப்டில் மேலே போகிறான். அவ்வளவுதான். என்னடா இது என்று கேட்டேன். "அட விடு, கிடைச்சா எப்படி இருக்கும்னு பார்த்தேன். எடுத்துடறேன்" என்றான்.

எடுப்பதற்குள் கடைக்கார மாமா பெரியம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். எங்கள் ஜனங்கள் செய்யக்கூடிய தப்புதான். படத்தில் வந்தால் நடந்திருக்கும் என்று நாங்களே அல்லவா பழக்கியிருந்தோம்! நான் போய்ச் சேர்ந்தபோது வீடெல்லாம் நெய் வாசனை. நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிப் பெண் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். "பெத்தவகிட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கான் பாரு, கடங்காரன்!" என்று பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பெரியப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணா ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பெரியம்மா அதில் ஒரு கவளம் சர்க்கரைப் பொங்கலை வைத்தாள்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போனான். பகலெல்லாம் ஏரிக்கரை பெஞ்சு, சாயங்காலம் வேறு பேட்டையில் குழந்தைகளுக்கு டிராயிங் டியூஷன். அதில் வருவதைச் சம்பளம் என்று பெரியம்மா கையில் கொடுத்தான். படக்கதையில், இல்லாத ஆபீசுக்கு மேனேஜர் வந்தார், கேன்டீன் வந்தது. வசனத்துக்கு என் ஆபீஸ் அரட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். முன்னைவிட நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் எழுதினார்கள். சொல்லிவிடு அண்ணா என்று எத்தனையோ தடவை மன்றாடினேன். "அவ மூஞ்சியைப் பார்த்துட்டு நீயே சொல்லேன்" என்பான். என்னாலும் முடியவில்லை. கொஞ்ச நாளில் வரைவதையே விட்டுவிட்டான். ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

சில வருஷம் இப்படியே ஓடிப்போயிற்று. போன குளிர்காலத்தில் ஒரு நாள், பெரியம்மாவோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணா போன் செய்தான். பின்னால் லாரிச் சத்தம். ஹவுராவில் ஒரு கிடங்கில், வந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்து அடுக்கும் வேலை.

"கிடைச்சிடுச்சு. நிஜமாவே" என்றான். "உன்னைத் தவிர யார்கிட்ட சொல்றது?"

கத்த வேண்டும் போலிருந்தது. பெரியம்மா பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"யாரு, அண்ணாவா? என்னவாம்?"

"ஒண்ணுமில்லை பெரியம்மா. ஆபீஸ்லேர்ந்து சும்மா பண்ணினான்."

"வேலை நேரத்துல என்ன அரட்டை? வைக்கச் சொல்லு" என்றாள்.

வைத்துவிட்டான்.