டியூப் வைத்த பிள்ளை

என் அண்ணன் பெண்டாட்டி விஜயஸ்ரீக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. ராதாபுரத்திலிருந்து கல்யாணமாகி சேரன்மகாதேவிக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டு நான் பார்த்ததில்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. வாய் நிறைய மைனி என்று கூப்பிடுவேன், மனசுக்குள் 'அவள்' என்றுதான் நினைத்துக்கொள்வேன். "கேட்டா கொறைஞ்சா போயிருவீங்க மைனி?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். "கொறைஞ்சுதான் போவேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுக்கு முப்பத்தாறு வயதில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. பிள்ளைக்குப் போதிய பால் ஊறவில்லை.

அவளுக்கும் அம்மா இல்லை, எங்களுக்கும் அம்மா இல்லை. அதனால் பாளையங்கோட்டையில் என் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நான்தான் வந்து கிடந்தேன். பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தேன். முருங்கைக்கீரை, வெந்தயக்களி என்று தெரிந்ததையெல்லாம் ஆக்கிப் போட்டேன். முகம் சுளிக்காமல் தின்றாள். பிள்ளையோ இரண்டு கிலோ எண்ணூறில் பிறந்து, பதினைந்தாம் நாள் இரண்டு ஐந்நூற்று எழுபதில் நின்றது. மாரில் வைத்தால் ஐந்து நிமிஷம் இழுக்கும். ஒன்றும் வராது என்று தெரிந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடும். தன் முகத்தைப் பார்த்தே பிள்ளை அழுவதாக மைனி நினைக்க ஆரம்பித்தாள். 

இனித் தாமதிக்கக் கூடாது, பால்பவுடர் சேர்க்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புட்டியை வாங்கு, வேலை முடிந்தது என்றேன் நான். ஆஸ்பத்திரி நர்ஸ் முஃபீதாதான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"டீச்சர், பிள்ளை சப்பச் சப்பத்தான் மாருல பால் ஊறும். புட்டியில சுளுவா வந்துச்சுன்னா சில பிள்ளைக மாரைத் திரும்பிப் பாக்காது. ஒரு வழி இருக்கு, செஞ்சு பாப்பமா?"

நூல் கனத்தில் ஒரு குழாயை எடுத்தாள். ஒரு முனை பவுடர் பால் கரைத்த கிண்ணத்துக்குள். இன்னொரு முனையை மார்க்காம்போரம் மெல்லிய பிளாஸ்திரியால் ஒட்டினாள். பிள்ளை மாரைச் சப்பும்போது கிண்ணத்துப் பாலும் மார்ப்பாலும் சேர்ந்து வாய்க்குள் போகும். வயிறும் நிறையும், மாருக்கும் வேலை கிடைக்கும். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. மைனி கேட்டவுடன் கிண்ணத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். "தூக்குனா வேகமா வரும், எறக்குனா பைய வரும், அப்படித்தான?" என்றாள். பல நாள் கழித்து அன்றுதான் அவள் முகத்தில் டீச்சர் களை தெரிந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. எட்டு வேளையும் சாத்திய கதவுக்குள்தான் பால் கொடுப்பாள். குழாயைச் சுடுதண்ணீர் விட்டு அலசிக் காயவைப்பதுகூட அலமாரிக்குள். ஒரு நாள் குழாயை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "இவ எங்கிட்ட வாரது குழாய்க்காகத்தான் மதுமதி. நான் சும்மா அதை ஒட்டுத சுவரு." எனக்கு வந்த கோபத்துக்குப் பிள்ளை பெற்ற உடம்பு என்றுகூடப் பார்க்காமல் இரண்டு கொடுத்திருப்பேன். 

இந்த லட்சணத்தில்தான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பிரம்மநாயகி பெரியம்மா போன் பண்ணினாள்.

"ஏட்டி, பிள்ளை பால் குடிக்காளா?"

"குடிக்கா பெரியம்மா. டியூப் வச்சுத்தான் குடிக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். குக்கர் விசில் அடித்தது, போனை வைத்துவிட்டேன். ஊரில் டியூப் வைத்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மூக்கில் குழாய், கண்ணாடிக் கதவு, ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் நிலைமை. அது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

அன்றைக்கு மத்தியானமே ஒரு வேன் வந்து நின்றது. பன்னிரண்டு பேர். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சட்டை, சோப்பு, பவுடர் டப்பா கொண்டுவருவார்கள். இவர்கள் கையில் ஹார்லிக்ஸும் ரொட்டியும் ஆப்பிளும் இருந்தன. பெரியம்மா வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியப்பா திருஞானசம்பந்தம் எதையும் விசாரிக்காமல் நேரே கொல்லைக்குப் போனார். கால் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கூடத்தில் சம்மணம் போட்டு, நோய் தீரப் பாடும் பதிகத்தை ஆரம்பித்துவிட்டார். அவர் ஆரம்பித்தால் பதினோரு பாட்டும் முடியாமல் நிறுத்த மாட்டார்.

நான் அறைக்குள் ஓடினேன். மைனி மடியில் பிள்ளையும் குழாயுமாக உட்கார்ந்திருந்தாள்.

"யாரு சொன்னா?"

"நான்தான் மைனி. சொல்லத் தெரியாம சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டுங்க."

திட்டவில்லை. கூடத்து அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டாள். "பொம்பளையாள்களை உள்ள வரச் சொல்லு" என்றாள்.

பெரியம்மா முதலில் வந்து பிள்ளையின் மூக்கைத்தான் தேடினாள். மூக்கில் ஒன்றும் இல்லை. பிள்ளை மாரில் ஒட்டிக்கொண்டு கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ சீக்கு ஒண்ணும் இல்லையா?"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா. எனக்குப் பால் காணல, பத்தல." மைனி அதை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.  "கிண்ணத்தைப் புடிச்சுப் புடிச்சுக் கை கடுக்கு. கொஞ்சம் புடிக்கேளா?"

பத்து வருஷத்தில் அவள் ஒருவரிடம் ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள். பிள்ளை சீக்கிரம் குடிக்கட்டும் என்ற ஆசையில் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். "எறக்குங்க பெரியம்மா, பொரை ஏறிரும்!" என்று மைனி பள்ளிக்கூடக் குரலில் அதட்டினாள். வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கூடத்தில் பதிகம் ஏழாம் பாட்டுக்குப் போயிருந்தது. பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

அன்றைக்குப் பிறகு கதவைச் சாத்தவில்லை. பிள்ளைக்கு எடை ஏறியது. இரண்டாம் மாத முடிவில் நாலு கிலோவைத் தொட்டது. மைனிக்குப் பாலும் கூடியது, ஆனால் பிள்ளைக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் வரவே இல்லை. இனியும் வராது என்று முஃபீதா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் சாயங்காலம், பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பைய வரும்படி சைகை காட்டினாள். போய்ப் பார்த்தேன். பிளாஸ்திரி பிய்ந்து குழாய் அவள் சேலை மடிப்பில் விழுந்து கிடந்தது. கீழே இருந்த கிண்ணத்தில் பாதிப் பால் அப்படியே இருந்தது. நான் குழாயை எடுத்து ஒட்டப் போனேன்.

"இருக்கட்டும். அது எப்பவோ விழுந்துட்டு, பத்து நிமிசம் இருக்கும்."

பிள்ளை ஒரு கையால் அவள் சட்டையைப் பற்றிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி சப்பிக்கொண்டிருந்தது.

"இவ என்கிட்டதான் குடிக்கா மதுமதி" என்றாள்.

நான் கையிலிருந்த குழாயைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது.