தொய்ந்த கம்பி

கடலில் தனியாகப் படகு விடப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு இந்த வம்பு? போதாததற்கு, தோழியோடு சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகை டிரெய்லரில் ஏற்றி, மாதனூரில் எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஆம்பூரில் வெல்டிங் கடை வைத்திருக்கும் என் தம்பி, விரிசல் விட்டிருந்த பாய்மரத்தின் அடியைப் பற்றவைத்துக் கொடுத்தான்.

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னாக்கா, பாலாத்துல வுடப் போறீங்களா? தண்ணி வந்தா சொல்லுங்க, நானும் ஏறிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலே கரண்ட் கம்பி எதுவும் போகாத காலி மனையாகப் பார்த்துப் படகைத் தள்ளிக்கொண்டு போய் மரத்தை நிறுத்தினோம். மரம் என்பது பெயருக்குத்தான். அது அலுமினியக் குழாய். முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று இரும்புக் கம்பிகள்தான் அதைப் பிடித்திருந்தன, கரண்ட் கம்பத்து ஸ்டே கம்பி மாதிரி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு. கம்பி கழன்றாலும் மரம் சாயாதபடி முதலில் ஒரு கயிற்றை முன்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டு, பிறகுதான் அவள் திருகுகளில் கைவைத்தாள். அவள் இறுக்கி முடித்ததும் நான் ஒரு கம்பியைத் தொட்டேன். அசைந்தது.

நான் தோல் கம்பெனியில் டாகிளிங்கில் இருக்கிறேன். ஈரத்தோலை ஓட்டைத் தகட்டின்மேல் விரித்து, எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று இழுத்துக் கிளிப் மாட்டிக் காயவைக்கிற வேலை. சுண்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரவேண்டும். ஓரம் தொய்ந்தால் தோல் சுருங்கிப் போகும், சூப்பர்வைசர் காய்ச்சி எடுத்துவிடுவார். தொய்வு என்றாலே என் கைக்கு ஆகாது.

"இன்னும் டைட் வெய்டி. இத்த நம்பியா கடலுக்குப் போவ?"

"போதும்மா. ஜாஸ்தி வெச்சா கெட்டுரும்."

"கம்மியா வெச்சு மரம் வுழுந்தா?"

அவள் ஸ்பேனரை நீட்டினாள். "சரி, நீயே வெய்."

வெறியோடு திருகினேன். சுண்டிச் சுண்டிப் பார்த்து, மூன்று கம்பியும் ணங்கென்று சொல்லும்வரை விடவில்லை. மனசு கொஞ்சம் அடங்கியது.

"இப்ப மரத்துல கன்னத்த வெச்சு மேல பாரு" என்றாள்.

பார்த்தேன். நேராக நின்ற மரம் நடுவில் வில்லாக வளைந்திருந்தது.

"எல்லாக் கம்பியும் சேந்து மரத்தக் கீழ அழுத்துதும்மா. மாமா வெச்ச வெல்டிங் மேலதான் மொத்த பாரமும்."

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நானே உடைக்கப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, அவள் ஒரு சுற்றுத் தளர்த்தினால் நானும் ஒரு சுற்று, திருகு முழுசாகக் கழன்றுவிடாமல் பார்த்துப் பார்த்து இறக்கினோம். மரம் நிமிர்ந்தது. திருகுகள் தானாகச் சுழலாதபடி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இரும்புப் பின் மாட்டி, அதன்மேல் டேப் சுற்றினாள். ஒவ்வொரு பின்னையும் நான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்ததில் அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"காத்து அடிக்கிற பக்கத்துக் கம்பி தாங்கும். எதிர்ப்பக்கம் லேசா தொங்கும். தொங்கினா தப்பில்லம்மா."

"பேஜாருடி உன்னோட" என்றேன்.

அவள் கடலில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். சோறு அடிப்பிடித்தது. மத்தியானம், கூடவே இன்னொரு படகில் போன தோழி எடுத்த வீடியோ ஒன்று வந்தது. படகு சாய்ந்து போகிறது. ஒரு பக்கக் கம்பி விறைத்திருக்கிறது. இன்னொன்று தொய்ந்து ஆடுகிறது. அவள் சொன்னதுதான், தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கம்பியைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. முடிய முடிய மறுபடி போட்டேன்.

வெகுநேரம் கழித்துத்தான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் முதலிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.