காலிக் கட்டத்தை நான் வாசித்த நாள்

கோடி வீட்டு மருமகள் சொல்வதை நம்பிவிடாதீங்க. பள்ளிக்கூடத்தில் நான் மயக்கம் போட்டெல்லாம் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சோடாவைக் குடிக்க வைத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள், அத்தோடு போயிருக்கும். நடந்தது வேறு. பக்கத்து வீட்டுக்காரி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உட்காருங்க, சொல்கிறேன்.

என் பேத்தி ராபர்ட்சன்பேட்டையில் எட்டாவது படிக்கிறாள், உங்களுக்குத் தெரிந்ததுதான். மகனும் மருமகளும் விடிவதற்குள் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவர்கள். வீட்டில் அவளும் நானும்தான். அவள் வகுப்பில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. எங்கள் கல்யாணத்தில் கட்டிய பந்தல் சீலைகூட அவ்வளவு பெரிதில்லை. அதில் காட்டுவதற்காக, தங்கள் ஊரைப் பற்றி ஆறு ஷீட் செய்து வரச் சொல்லியிருந்தார் மிஸ். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வந்து நின்று பேச வேண்டும். நன்றாகச் செய்த மூன்று பேர் ஆண்டு விழா மேடையில் காட்டலாம். அந்த மூன்று பேரில் ஒருத்தியாக வேண்டுமென்று பாப்பா தவமாய்த் தவம் கிடந்தாள்.

அப்பாவின் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதைத் தொட்டாலும் கலர் கலராகக் கட்டங்கள் வந்தன. எனக்கு ஒரே குஷி.

“யாரு பாப்பா இந்தக் கட்டமெல்லாம் போட்டது?”

“இது டெம்ப்ளேட் ஆயா. மிஸ் அனுப்பினாங்க. கட்டம், கலரு எல்லாம் ரெடியா இருக்கும். நம்ம எழுத்த மட்டும் போட்டா போதும்.”

“நம்ம கோல அச்சு மாதிரி சொல்லு. மாவக் கொட்டித் தட்டுனா எல்லார் வாசல்லயும் ஒரே தாமரை.”

“அதேதான் ஆயா!” என்று சிரித்தாள்.

ஐந்து ஷீட் முடித்துவிட்டாள். கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடு, தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு, பஜார் என்று படம் படமாக. ஆறாவது, அவள் தாத்தா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்ததைப் பற்றி. அதற்கு நான்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் என் பின்னாலேயே வந்தாள், பாவம். நான் வாய் திறந்தால் எங்கே நிற்கும்? தாத்தாவில் தொடங்கி, தாத்தாவுக்குத் தங்கச்சி முறையானவள் கல்யாணத்துக்குப் போய், அங்கே வெந்தும் வேகாத பிரியாணிக்கு வந்து நிற்பேன். “நாளைக்குச் சொல்றேன் போ” என்பேன். நாளைக்கும் அதே பிரியாணி.

போகிற அன்று காலையில் சொன்னாள்: “ஆயா, ஆறாவது ஷீட்டு காலியாகீது. அது வந்தா நான் தள்ளிடுவேன். நீ ஒண்ணும் பேசாத.”

சரி என்று தலையை ஆட்டினேன்.

எனக்கு எழுத்து தெரியாது, உங்களுக்குத் தெரியும். நம்பர் தெரியும், பஸ், கேஸ் புத்தகம், வீட்டுக் கதவு பார்த்து வந்தது. ஆனால் மிஸ்ஸுக்குத் தெரியாது. போன முறை மார்க் கார்டு கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்து, “பரவால்ல, நல்லா படிச்சிகீறா” என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். பாப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஐந்து ஷீட்டுக்கும் பேசினேன். சுரங்கத்துச் சைரன் ஊதினால் நாய்கள் கூடவே ஊளையிடும் என்று ஊளையிட்டே காட்டினேன். கைதட்டல்! அது தலைக்கு ஏறிவிட்டது. ஆறாவது ஷீட் வந்தது. பாப்பா தள்ளுவதற்குள் என் கண்ணில் பட்டது: மூன்று கட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர், கீழே எழுத்து. ஒன்று இரண்டு மூன்று என்றால் நம் ஊரில் வேறு என்ன? ஷிப்ட்தானே! காலையில் என்னிடம் சொன்ன பிறகு பிள்ளை எப்படியோ எழுதி முடித்துவிட்டாள் போல என்று எனக்குப் பூரித்துப்போயிற்று. கண்ணாடியைப் போட்டேன். டிவி பக்கத்தில் போய் எழுத்து மேல் விரலை ஓட்டினேன்.

“தோ, இன்னா அழகா எழுதிகீறா பாருங்க! மொதல் ஷிப்டு. எங்க வூட்டுக்காரரு சோத்து டப்பாவ எடுத்துகினு கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்குவாரு. ரெண்டாவது ஷிப்டு, மத்தியானம் தூங்கி எழுந்து போவாரு. மூணாவது, நைட் ஷிப்டு...”

பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “மிஸ், அதுல ‘இங்க தலைப்பு எழுதவும்’னு இங்கிலீஷ்ல போட்டுகீது! மூணு கட்டத்துலயும் அதேதான்!”

வகுப்பே குலுங்கியது. “ஆயா, நாலாவது ஷிப்டும் படிங்க!” என்றது இன்னொன்று.

மிஸ் கையைத் தூக்கி அடக்கினார். பாப்பாவைப் பார்த்து, “ஏன் காலியா விட்டே?” என்றார். பாப்பா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா?

“நான் எல்லாம் சொன்னேன் மிஸ், இவதான் எழுதல. எந்நேரமும் போன்ல படம் பாத்துகினு இருக்கா. எனக்கும் இந்தக் கண்ணாடில எழுத்து மங்கலா தெரியுது.”

இப்போது சொல்லும்போதுகூட முகம் எரிகிறது. பிள்ளை போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மிஸ் வேறு மூன்று பேரை எழுதிக்கொண்டார்.

ஆட்டோவில் அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். வீட்டில் டீ போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. “கண்ணு, ஆயா ஏதோ தெரியாம...” என்று ஆரம்பித்தேன்.

“படிக்கத் தெரியாததுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல ஆயா. போன் பாத்தேன்னு சொன்னியே. மூணு நாளா உன்கிட்டதானே கெஞ்சினேன்?”

அதற்கு மேல் நான் பேசாமல் இருந்தது வீட்டுக்கே புதிதாக இருந்தது.

நேற்று அவளுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர்கள் ரூம் வாசலில் நின்று சொன்னேன்: “மிஸ், எனக்குப் படிக்கத் தெரியாது. கார்டத் தலைகீழா கொடுத்தாலும் நல்லாகீதுன்னுதான் சொல்வேன். பாப்பா கேட்டா, நான்தான் சொல்லல. போன் பாத்தான்னு சொன்னது பொய்.”

மிஸ் கன்னடத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “அஜ்ஜி, ஆறாவது ஷீட் முடிச்சுக் கொண்டு வரட்டும், நாலாவது ஆளா சேர்க்கறேன். ஆனா இத என்கிட்ட சொன்னா போதாது. அவள கிளாஸ் முன்னாடிதானே சொன்னீங்க? அங்கேயே சொல்லுங்க.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் பாப்பாவிடமும் சொன்னேன். அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “மொதல் ஷிப்டு எத்தன மணிக்கு?” என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பிரியாணி பக்கமே போகவில்லை.

நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாற்பது பிள்ளைகள் முகத்தையும் பார்த்து, எங்கே ஆரம்பிப்பது? எனக்கு எழுத்து தெரியாது என்பதை முதலில் சொல்வதா, பொய் சொன்னேன் என்பதையா? பொய்யைத்தான் முதலில் சொல்ல வேண்டும், இல்லையா? நடுவில் வேறு கதைக்குப் போய்விடாமல் இருக்க வேண்டுமே...

ஐயய்யோ, குழாய்ல தண்ணி வந்துடுச்சு! நாலு நாளா வராத தண்ணி. எழுந்திருங்க, எழுந்திருங்க, உங்க கொடத்தையும் எடுத்துகினு வாங்க.