தம்பிக்காகப் போட்ட கையெழுத்து

எங்கள் லாரி கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுத்த அம்மாவை டிரைவர்கள் 'ஹெட்மாஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். நேரில் சொல்ல எவனுக்கும் தைரியமில்லை. "ஹெட்மாஸ்டர் கேட்ல நிக்கிறாங்க, பெல்ட்டப் போடு" என்று போனில் ஒருவருக்கொருவர் தகவல் கொடுத்துக்கொள்வார்கள். நான் அங்கே டயர் மெக்கானிக். ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது என்று லோடு ஏற்றிய வண்டியை என்னிடமே திருப்பி அனுப்பியவர் அவர். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நட்டு தளர்ந்துதான் இருந்தது.

உதிரிபாகக் கடையில் பதினோரு வருஷம் பில் போட்டவர், கணவர் இறந்த பிறகு பரீட்சை எழுதிப் பாதுகாப்பு அதிகாரியானார். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அவர்தான். அந்தத் தம்பி, சமவெளியில் பல வருஷம் பஸ் ஓட்டிவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தான்.

மலைப்பாதைக்குப் போகிறவர்கள், இறக்கத்தில் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் வகுப்பில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சாவி கிடையாது. இது அந்த அம்மாவே கொண்டுவந்த விதி. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்பதுதான் பாடம். முதலாளியின் மைத்துனனையே அந்த வகுப்பில் உட்கார வைத்தவர்.

வகுப்பு நாளன்று தம்பியின் குழந்தைக்குக் காய்ச்சல். அவன் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இறங்குறதுக்கெல்லாமா பாடம்? என் கையெழுத்த நீயே போட்டுடேன்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். போட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, சிமென்ட் லோடோடு மலையிலிருந்து இறங்கியவன் வழிநெடுக பிரேக்கிலேயே கால் வைத்திருக்கிறான். கடைசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பள்ளிக்கூட வாட்ச்மேன் அங்கேயே இறந்துபோனார். தம்பிக்கு இரண்டு காலும் முறிந்தது.

முதலாளி மட்டும் தெம்பாக இருந்தார். "பதிவேடு பக்காவா இருக்கும்மா. நாம சொல்லிக் குடுத்தாச்சு, அவன் கேக்கல. விசாரணையில நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்." சொந்தத் தம்பியைப் பற்றி அவரிடமே இப்படிச் சொல்ல ஒருவனுக்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருந்தேன். தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடாதக்கா. உன் வேலை போயிடும். வண்டிய ஓட்டுனவன் நான்தானே, என்னோட போகட்டும்."

திரும்பும் வழியில் அவர் என்னிடம், "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

டயர் நன்றாக இருந்தது என்று சாட்சி சொல்ல என்னையும் விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி பதிவேட்டை அந்த அம்மாவிடம் திருப்பிக் காட்டினார்.

"இது டிரைவரோட கையெழுத்துதானே?"

"இல்ல சார். நான் போட்டது. என் தம்பி அந்த வகுப்புல உக்காரவே இல்ல."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சார். வண்டிய ஓட்டுனது அவன். சாவியக் குடுத்தது நான்."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாவின் வேலை போயிற்று, சான்றிதழ் போயிற்று. தம்பியின் தண்டனை கொஞ்சம் குறைந்தது. அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று அவர் சொல்லி முடித்ததும், அதுவரை பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனின் மனைவி எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்து நானும் எழுந்தேன். அவர் கத்தவில்லை.

"அந்த வகுப்பு எவ்ளோ நேரம்மா?"

"நாப்பது நிமிஷம்."

"அவ்ளோதானா?" என்றார் அந்தப் பெண்.