பிரின்னுக்குப் போகாத பந்து

கெல்சி வோண்ட்ரா நான்கு வருடமாக நெப்ராஸ்காவின் ஒரு கல்லூரி வாலிபால் அணியில் செட்டர். வருகிற பந்தை இரண்டாவதாகத் தொட்டு, அடிக்கப்போகிறவளுக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அடித்தவள் பெயரை அரங்கம் கத்தும். அப்பா பன்றிப் பண்ணையில் கூலி. அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். படிப்புச் செலவு கிடைத்ததே பெரிது என்று இருந்தாள்.

விளையாடுகிறவர்கள் விளம்பரத்தில் வந்து காசு வாங்கலாம் என்று விதி தளர்ந்தபோதும் அவளை யாரும் தேடி வரவில்லை. கடைசி வருடம், இடது பக்கம் நின்று அடிப்பவளாகப் பிரின் வந்து சேர்ந்தாள். பதினெட்டு வயது. வந்த மாதமே ஒரு வண்டி வியாபாரி தன் விளம்பரத்துக்காக அவளிடம் புது பிக்கப் வண்டியின் சாவியைக் கொடுத்தார். தினமும் அதில் கெல்சியையும் பயிற்சிக்கு ஏற்றிப்போவாள். குளிருக்கு இருக்கை தானாகச் சூடாகும். அந்தச் சூடுகூடக் கெல்சிக்குப் பொறுக்கவில்லை. பிரின் நல்ல பெண்ணாக இருந்தது இன்னும் தொல்லை.

தேசியப் போட்டிக்குப் போவதைத் தீர்மானிக்கும் ஐந்து ஆட்டப் பந்தயத்தின் மூன்றாவது ஆட்டத்தில், கெல்சி பிரின்னுக்கு ஒரு பந்துகூடத் தரவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றார்கள்.

"இடது பக்கம் ஏன் போகல, வோண்ட்ரா?" என்றார் கோச்.

"ரெண்டு பேரு அவள மறிச்சு நிக்கிறாங்க, கோச்."

பிரின் துண்டால் வாயைத் துடைத்தபடி, கெல்சிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ஒருத்திதான் நின்னா, கெல். நீயும் பாத்த."

அடுத்த ஆட்டத்தில் கெல்சி பிரின்னுக்குக் கொடுத்தாள், ஜெயித்தார்கள். ஐந்தாவதில் பதினாலு பதின்மூன்று. இன்னும் ஒரு புள்ளி போதும். கோச் இடது பக்கம் கைகாட்டினார். பிரின் எழும்பினாள். இந்த முறை நிஜமாகவே எதிரணியில் இரண்டு பேர் அவளை மறிக்கத் தாவினார்கள். கெல்சி கொடுக்கவில்லை. இடக்கையால் பந்தை வலைக்கு மேலே தானே தட்டிவிட்டாள். எதிர்ப்பக்கம் காலித் தரையில் விழுந்தது.

அரங்கம் முதல்முறையாகக் கெல்சி, கெல்சி என்று அலறியது. அது சரியான ஆட்டமா, வயிற்றெரிச்சலா? இரண்டு பேரை இழுத்துக்கொண்டு எழும்பியவள் பிரின்தானே? கெல்சிக்குத் தெரியவில்லை.

பிரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அடுத்த தடவ முன்னாடியே சொல்லிடு. வீணா குதிக்க மாட்டேன்."

வெளியே ஒரு சிறுமி கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டினாள். வாசலில் வண்டி வியாபாரி எல்லோருக்கும் கொடுத்த தாள். நடுவில் பெரிதாகப் பிரின்னின் முகம். "உங்க படம் போட்டது இல்ல. இதுலயே போடுங்களேன்," என்றாள்.

ஓரத்தில் வெள்ளை இடம் நிறைய இருந்தது. கெல்சி பிரின்னின் கன்னத்தின் மேலேயே போட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான்.